கட்டத்தில் இல்லாத காய்

காட்பாடியில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்
ஞாயிறு ஏழு மணிக்கு வருவார்கள்.
மேசை என்பது ஒரு பழைய கதவு.
தாழ்ப்பாள் இருந்த ஓட்டையில் பகடை விழுந்தால்
மறுபடி உருட்ட வேண்டும்.

வரைபடத்துக்கு ரொம்ப யோசிக்கவில்லை,
கோட்டை, அகழி, மணலாய்க் கிடக்கும் ஆறு,
பஸ் ஜன்னலில் பார்த்ததையே போட்டேன்.
முதஸ்ஸிரின் காய்
ஆம்பூர் ஷூ கம்பெனியின் பித்தளைக் கொக்கி.
ஹேமநாத்துக்குக் காதொடிந்த சதுரங்கக் குதிரை,
கோதண்டத்துக்கு சோடா மூடி.
பியூலா தன் வார்டிலிருந்து
ஊசிமருந்துப் புட்டியின் நீல மூடியைக் கொண்டுவந்தாள்.
பின்தொடர்கிற அதற்குக் காய் கிடையாது.
சூட்சுமமே அதில்தான்.

நாலு மாதமாக நடத்துகிறேன்.
முதல் வாரம் ஒன்றும் செய்யவில்லை,
கயிறு மட்டும் ஒரு முழம் குறைந்திருந்தது.
பிறகு, காவலுக்கு யார் என்று கேட்டுவிட்டு
பதில் காதில் விழாதவன்போல்
தாளில் எதையோ குறித்தேன்
(என் வண்டிக் கடனில் பாக்கி எவ்வளவு என்று).
காரணமே இல்லாமல் பகடையை உருட்டிப் பார்த்து
"சரி, மேல சொல்லுங்க" என்பேன்.
மே மாதம். கரண்ட் போகும்.
போனால் எனக்குத்தான் லாபம்.
"இன்னாபா கீது அங்க?" என்று கோதண்டம்
நிஜமாகவே மாடிப்படியை எட்டிப் பார்த்த இரவு
பாலாற்றுப் பாலத்தில் நான்
விசிலடித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

பதினாறாவது ஞாயிறு,
குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டு
"உங்க பின்னால, இருட்டுல, அது நிக்குது" என்றேன்.

பியூலா நிமிரவில்லை.
நீல மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.
"பின்னால எதுக்கு நிக்கணும்?
எதிர்லதான் நிப்பான்.
சத்துவாச்சாரி ஸ்டாப்ல, டியூப்லைட்டுக்குக் கீழ,
ஹெல்மெட்டைக் கழட்டாம.
எனக்கு எந்த வாரம் நைட்டுன்னு
எங்க அம்மாவுக்கு முன்னாடி அவனுக்குத் தெரியும்.
டீக்கடைக்காரர் கேக்காமலே அவனுக்கு டீ குடுக்கறாரு.
எல்லாரும் பாக்கறாங்க.
அவன் ஒளிஞ்சிருக்கற இடம் அதான்."

"எத்தினி நாளா?" முதஸ்ஸிர்.

"இந்த ஆட்டத்துக்கு முன்னாடிலேருந்து.
அப்புறம், அண்ணா,
அதுன்னு சொல்லாதீங்க.
அதுன்னா ஏதோ மிருகம்,
பசிக்குதுன்னு விட்டுடலாம்."

என் நோட்டில் பதினாறு பக்கம்.
வரிக்கு வரி அது.
ஒவ்வொரு வாரமும் அவளிடம்,
மற்றவர்களைவிட அவளிடம்,
"கதவைத் தாழ் போட்டியா?" என்று கேட்டிருக்கிறேன்.
அவள் முகம் இறுகும்.
என்ன அழகாக விளையாடுகிறாள் என்று நினைத்திருக்கிறேன்.

செவ்வாய் ராத்திரி நாங்கள் நாலு ஆண்கள்
ஸ்டாப்பில் போய் நின்றோம்.
அவன் வரவில்லை.
"யாரு, அந்தத் தம்பியா? நல்ல பையனாச்சே"
என்றார் டீக்கடைக்காரர். காசும் வாங்கவில்லை.
பஸ் ஏறும்போது பியூலா கேட்டாள்:
"எத்தினி செவ்வாய்க்கிழமை வருவீங்க?"
ஹேமநாத் வாயைத் திறந்தான்.
பஸ் எடுத்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு அவள்தான் முதலில் வந்திருந்தாள்.
கைப்பையிலிருந்து கசங்கிய டீ கப் ஒன்றை எடுத்து
கோட்டை வாசலில்,
நான் விளக்கு வரைந்திருந்த கட்டத்தில் வைத்தாள்.

"இதான் அவனோட காய். இங்க நிக்கிறான்.
எல்லாருக்கும் தெரியுதா?"

தெரிகிறது என்றோம், ஒவ்வொருவராக, வாய்விட்டு.
தலையாட்டினால் போதாது என்று சொல்லிவிட்டாள்.

உருட்டினாள்.
கதவின் மேல் தடதடவென்று ஓடிய பகடை
ஓட்டைக்குள் விழுந்து, தரையில் உருண்டு
பீரோவுக்கு அடியில் போனது.

குனிந்து துழாவி எடுத்துக் கொடுத்தேன்.
கோதண்டம் ஒன்றும் பேசாமல்
ஓட்டையின்மேல் தன் உள்ளங்கையை வைத்தான்.

மறுபடி உருட்டினாள்.